மார்கழிச் சுவரும் மாசி வண்ணமும்

மார்கழி பிறந்ததும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் பெயின்டர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். சுங்குவார்சத்திரம் தொடங்கிப் படப்பை வரை எந்தப் பெயின்ட் கடையில் விசாரித்தாலும் "பொங்கலுக்கு அப்புறம்தாங்க ஆள் வரும்" என்பதே மறுமொழி. கிடைக்கும் ஓரிருவரும் வழக்கமான கூலிக்கு மேல் கேட்பார்கள். பொங்கலுக்குள் வீடு புதுநிறம் காண வேண்டும் என்பது நம் மரபு. மரபில் குறை காண நான் வரவில்லை. ஆனால் சுவரின் பக்கம் நின்று பார்த்தால், வண்ணம் பூச ஆண்டிலேயே மிகப் பொருந்தாத பொழுது அதுதான்.

இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கடந்தபின் ஏரிகள் ததும்பி நிற்கும். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும். செங்கல்லும் காரையும் தம் நுண்துளைகள் நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சுவரின்மேல்தான் மார்கழியில் நாம் ஒரு மெல்லிய தோலைப் போர்த்துகிறோம். மாசியில் வெயில் ஏற ஏற, உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெளிவர வழி தேடும். பங்குனியில் சுவரில் கொப்புளம் தெரியும். சித்திரையில் அது உரிந்து விழும். வீட்டுக்காரர் பெயின்டரை ஏசுவார், பெயின்டர் கம்பெனியை ஏசுவார். சுவரை யாரும் கேட்பதில்லை.

வண்ணப்பூச்சு என்பது நான்கு பொருள்களின் கூட்டு. நிறம் தருவதும் பின்புலத்தை மறைப்பதும் நிறமி. அந்நிறமியைச் சுவரோடு சேர்த்துப் பிடிப்பது பிசின். இவ்விரண்டையும் தூரிகைக்கு இணங்கச் செய்து, பின் காற்றில் மறைவது நீர் அல்லது கரைப்பான். எஞ்சியது, பூஞ்சையைத் தடுக்கவும் நுரையை அடக்கவும் சேர்க்கும் துணைப்பொருள். கடையில் 'எமல்ஷன்' என்று விற்பது பாலைப் போன்ற ஒரு கலவை. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல் இதில் அக்ரிலிக் பிசின் மணிகள் நீரில் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பகுத்தால் வரும் அளவு ஒரு மணிக்கு. நீர் ஆவியாகும்போது மணிகள் நெருங்கும், ஒன்றையொன்று அழுத்தும், இறுதியில் எல்லை அழிந்து ஒரே படலமாகும். ஒருமுறை படலமாகிவிட்டால் மீண்டும் நீரில் கரையாது. பூசிய சுவரை மழை கழுவிச் செல்லாமல் இருப்பது இதனால்தான். நீர் வெளியேறத் தடங்கல் உண்டானால் மணிகள் ஒழுங்காக இணையமாட்டா. ஈரக்காற்றும் ஈரச்சுவரும் இருபுறமும் நெருக்கும் மார்கழியில் இத்தடங்கல் இரட்டிப்பு.

இப்படலம் எவ்வளவு பருமன்? கணக்குப் போட்டால் வியப்பு மிஞ்சும். ஒரு லிட்டர் பூச்சு ஒரு கைக்கு 130 சதுர அடி ஓடுகிறது என்று கொள்வோம். ஈரமாக இருக்கையில் அதன் தடிப்பு ஏறத்தாழ 83 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நீர் போனபின் பத்தில் நான்கு பங்கே நிற்கும் என்றால் 33 மைக்ரான். இரண்டு கை பூசினால் 66. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ இதுவே. ஒரு மயிரளவு தோலுக்குத்தான் இவ்வளவு பணம் கொடுக்கிறோம். அதில் பெயின்டர் அளவுக்கு மேல் நீர் கலந்தால் பாதி மயிர் மிஞ்சும். வாளியின்மேல் எவ்வளவு நீர் சேர்க்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த வரியைப் படிக்கும் வீட்டுக்காரர் அரிது.

மறைக்கும் ஆற்றலுக்கு வருவோம். வெண்மைக்கும் மறைப்புக்கும் ஆதாரம் டைட்டானியம் ஈராக்சைடு. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகையில் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு சிதறும். பிசினின் எண் 1.5, சுண்ணக்கல் பொடிக்கு 1.6, ரூட்டைல் வகை டைட்டானியம் ஈராக்சைடுக்கு 2.7. சுண்ணப் பொடி பிசினுக்குள் மூழ்கினால் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் பொருளாகிவிடும். டைட்டானியமோ உள்ளே வரும் ஒளியையெல்லாம் திருப்பி அனுப்பும். இதன் மூலத்தாது இல்மனைட். அது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணலில் கிடைக்கிறது. குமரிக் கடற்கரையில் காலில் ஒட்டும் அந்தக் கறுப்புத் துகளிலிருந்து பளீரென்ற வெண்பொருள் பிறக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் வேதியியலின்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது. டைட்டானியம் விலை உயர்ந்தது. ஆகவே மலிவான பூச்சில் அதைக் குறைத்துச் சுண்ணப் பொடியை ஏற்றுவார்கள்.

அப்படியானால் மலிவுப் பூச்சும் உலர்ந்தபின் வெள்ளையாகத் தெரிவது எப்படி? சுண்ணாம்பு அடித்ததைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். அடித்த நேரத்தில் சுவர் தண்ணீர்போல் தெளிந்து பழைய கறையெல்லாம் காட்டும். காய்ந்தபின் பளிச்சென வெளுக்கும். நீர் இருந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது; காற்றின் எண் 1; வேறுபாடு கூடிச் சிதறல் பெருகுகிறது. மலிவுப் பூச்சிலும் இதே கதைதான். பிசின் போதாமல் பொடிகளுக்கிடையே காற்று நிற்கிறது. அந்தக் காற்றே வெண்மை காட்டுகிறது. மழைநீர் பட்டால் காற்று போய் நீர் புகும். சுவர் திட்டுத்திட்டாகக் கறுக்கும். ஆகவே வாங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஓர் அட்டையில் இரண்டு கை பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே நீர் தெளியுங்கள். நிறம் சட்டென்று அடர்ந்தால் அந்தப் பூச்சில் பிசின் குறைவு, காற்று அதிகம். உள்ளறைக் கூரைக்கு அது போதும். வெளிச்சுவருக்கு ஆகாது.

நிறமிகளில் பொன்னும் மண்ணும் உண்டு. காவி என்பது இரும்பு ஆக்சைடு. கதிரவன் எவ்வளவு சுட்டாலும் அதன் அணுப்பிணைப்பு எளிதில் கலையாது. கோயில் மதிலின் காவிப்பட்டை பல்லாண்டு நிற்பதற்குக் காரணம் இந்த உறுதிதான். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் கரிமச் சேர்மங்கள். புறஊதாக் கதிர் அவற்றின் பிணைப்பை ஒவ்வொன்றாக வெட்டும். மேற்குச் சுவர் கிழக்குச் சுவரைவிட முன்னதாக வெளுப்பதைத் தெருவில் நடந்தாலே காணலாம். அடர்ந்த மஞ்சளும் சிவப்பும் மறைப்பில் வலுக்குறைந்தவை. மூன்றாம் கை கேட்கும். நிற அட்டையில் விரல் வைக்கும்போதே செலவும் அங்கே முடிவாகிவிடுகிறது.

இனிச் சுவர். புதிதாகக் கட்டிய வீடுகளே திருப்பெரும்புதூர்த் தொழிற்பாதையில் மிகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. 2013இல் ராயல் என்ஃபீல்டு. வேலைக்கு வந்தோர் தங்க வயலும் தோப்பும் மனைகளாயின. வங்கிக் கடனும் வாடகைச் சுமையும் நெருக்க, காரை பூசி மூன்று வாரத்தில் வண்ணமடித்துக் குடிபுகுவோர் பலர். சிமெண்ட் காரை புதிதாக இருக்கையில் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 12க்கு மேல். எண்ணெய் சார்ந்த பூச்சு அதன்மேல் பட்டால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். சோப்புக் கட்டி பிறக்கும் அதே வினைதான். நீர்ப்பூச்சு அந்த அளவுக்குக் கெடாது. ஆனாலும் நிறம் திரியும், பிடிப்புக் குறையும். நீராற்றி முடித்து, நான்கு வாரமாவது காயவிட்டுப் பூசுவதே முறை.

காரம் தணிந்ததா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலக்குகிறோம், நீர் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும் இயல்புடையது. நனைத்த வெள்ளைத் தாளில் மஞ்சள் தேய்த்துப் புதுச் சுவரில் அழுத்திப் பாருங்கள். சிவந்தால் சுவர் இன்னும் பொறுத்திருக்கச் சொல்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வளியை உண்டு முதலில் தணியும், உள்ளே காரம் எஞ்சியிருக்கும். எனவே ஆணியால் சற்றே சுரண்டிய இடத்தில் தாளை வைப்பது நலம்.

காரத்தைவிடக் கொடிய பகை ஈரம். நுண்துளைக்குள் நீர் தானாக மேலேறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். ஆரம் 10 மைக்ரான் உள்ள துளையில் கோட்பாட்டுப்படி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நடைமுறையில் சுவரின் முகத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இரண்டு மூன்று அடியில் நின்றுவிடும். நம் வீடுகளில் தரையிலிருந்து இடுப்பளவு வரை மட்டும் வண்ணம் உதிர்வது இதனால்தான். நீர் வெறுமனே ஏறுவதில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் போனபின் உப்பு படிகமாக வளர்ந்து படலத்தை உள்ளிருந்து தள்ளும். இதையே 'உப்பு பூத்தல்' என்கிறோம். பூத்த உப்பைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பட்டி பார்த்து விலையுயர்ந்த எமல்ஷன் அடிப்பது, புண்ணை மூடிப் பட்டுத்துணி கட்டுவதை ஒக்கும்.

என் வீட்டிலேயே அந்தத் தவறு நடந்தது. தாழ்வாரச் சுவர் ஒவ்வொரு கோடையிலும் உரிந்தது. மூன்று முறை பூசினேன், மூன்று வேறு ஆள்களை வைத்து. நான்காவதாக வல்லம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வாளியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை. சுவரை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனவர், "இதுக்கு அந்தாண்ட என்னங்க இருக்குது?" என்றார். அந்தப் பக்கம் என் மனைவி வளர்த்த செம்பருத்திப் பாத்தி. மண் சுவரை ஒட்டி ஒரு முழம் உயர்ந்திருந்தது. நாள்தோறும் நீர் வேறு. "மொதல்ல மண்ண தள்ளுங்க. ரெண்டு மாசம் காயட்டும். அப்புறம் கூப்பிடுங்க, வரேன்." அன்று கூலி வாங்காமலேயே போனார். நல்ல பெயின்டரை அறிய எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான அடையாளம் இந்தக் கேள்விதான். சுவரின் மறுபக்கத்தைக் கேட்பவர் தொழில் தெரிந்தவர். குளியலறையா, மாடித் தொட்டியா, மழைநீர்க் குழாயா என்று அறியாமல் விலை சொல்பவர் நிறம் மட்டுமே விற்கிறார்.

இதே தொழிற்பாதையில் உள்ள ஆலைகளில் கார்கள் எந்த மாதத்திலும் பழுதின்றி நிறம் பெறுகின்றன. தகட்டைக் கழுவி, பாஸ்பேட் படலம் ஏற்றி, மின்புலத்தால் முதற்பூச்சை ஒட்டவைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, 140 பாகைக்கு மேல் சூடான அறையில் சுட்டெடுக்கிறார்கள். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கும். தெளிக்கும் அறையின் வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும். மார்கழி உள்ளே நுழைய முடியாது. அந்த வண்ணப் பிரிவில் பகலெல்லாம் வேலை பார்க்கும் இளைஞர், இரவில் படுக்கும் வாடகை அறையில் சுவர் உதிர்ந்து பாயில் விழுகிறது. இரண்டிடத்திலும் வேதியியல் ஒன்றுதான். அடித்தளத்தை ஆயத்தம் செய்யும் பொறுமையில்தான் வேற்றுமை. ஏஷியன் பெயின்ட்ஸ் 2005 முதல் திருப்பெரும்புதூரில் ஆலை நடத்துகிறது. நிப்பான் பெயின்ட்டுக்கும் இங்கே ஆலை உண்டு. ஆலைக்கு அருகில் குடியிருப்பதால் சுவருக்குச் சலுகை ஏதும் கிடைப்பதில்லை.

செலவைக் கணக்கிடப் பரப்பளவு தெரிய வேண்டும். நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 10 உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் 440 சதுர அடி, கூரை 120, ஆக 560. ஒரு கதவும் ஒரு சன்னலும் கழித்தால் 520 சுற்றி வரும். தரை 120தான், பூசுவதோ நான்கு மடங்குக்கு மேல். "வீடு எத்தனை சதுர அடி?" என்று கேட்டு அதற்கே விலை சொல்லும் ஆளுக்கும், அதைக் கேட்டு மகிழும் வீட்டுக்காரருக்கும் இடையே பிறகு வழக்கு வருவது உறுதி. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1200 அளவீட்டு முறை இதற்கெல்லாம் விதி வகுத்திருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிக்கக் கூடாது. சட்டமிட்ட பலகைக் கதவை ஒரு பக்கத்துக்கு 1.3 மடங்காக அளக்க வேண்டும். மேடும் பள்ளமும் பூச்சைக் கூடுதலாகக் குடிக்குமல்லவா? டேப்பை எடுத்து இருவரும் சேர்ந்து அளந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

மூவாயிரம் சதுர அடி பூச வேண்டிய ஒரு சிறு வீடு. இரண்டு கைக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்றால் 50 லிட்டர். லிட்டர் 200 ரூபாய் என்றால் 10,000. லிட்டர் 450 என்றால் 22,500. பட்டி, பிரைமர், சாரம், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 15 என வைத்தால் 45,000. இந்த விலைகள் கணக்குக்காக நான் இட்டவை. உங்கள் கடை விலையை இட்டுக்கொள்ளுங்கள். மலிவு வழியில் மொத்தம் 55,000. மூன்றாண்டு நின்றால் ஆண்டுக்கு 18,300. மற்றதில் 67,500, ஆறாண்டு நின்றால் 11,250. ஆள்கூலியும் ஆயத்த வேலையும் எப்படியும் செலவாகத்தான் போகின்றன. அவற்றின்மேல் மலிவு வாளியைக் கவிழ்ப்பதுதான் வீண்செலவு. சுவர் ஈரமாக இருந்தால் இரண்டு கணக்கும் பொய். விலையுயர்ந்ததும் ஓராண்டில் உரியும். பெயின்ட் மீதான வரி 2018 சூலையில் 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. ரசீதில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரக்கை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. வாளிக்குள் பெயின்டருக்கென்று டோக்கன் வைக்கும் வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனி நல்லது என்று அவர் சொல்லும் அறிவுரையில் அந்த டோக்கனின் குரலும் கலந்திருக்கலாம். அதற்காக அவரைப் பழிக்க வேண்டாம். டோக்கனை அவருக்கே கொடுத்துவிடுங்கள், தேர்வை நீங்கள் செய்யுங்கள். காலி வாளிகளை வேலை முடியும்வரை வீட்டிலேயே வைத்திருந்தால் எத்தனை லிட்டர் சுவரேறியது என்பதற்குக் கணக்கு நிற்கும். ஒரே சுவருக்கு ஒரே தொகுதி எண்ணுள்ள வாளிகளையே திறக்கச் சொல்லுங்கள். பட்டி எத்தனை கை, பிரைமர் எந்த வகை, மேற்பூச்சு எத்தனை கை, சாரம் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தை வேலையின் படிகளோடு கட்டுங்கள்: பட்டி தேய்த்து முடிந்ததும் ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு. பட்டி தேய்த்த சுவரில் இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளமெல்லாம் நிழல் காட்டும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அதை முழுதும் சுரண்டாமல் எமல்ஷன் அடிக்க விடாதீர்கள். பொடியின்மேல் ஒட்டிய தோல் பொடியோடு வரும்.

சுரண்டும்போது இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பூச்சில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, சன்னல் எனாமல்களில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தால் தூசி குழந்தைகளின் மூச்சில் ஏறும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மாடி வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி நிற்பவரிடம் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. வண்ணம் பூசுவோரும் அதில் பதியலாம்.

வாடகைக்கு இருப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. வீட்டைக் காலிசெய்யும்போது 'பெயின்ட் காசு' என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே ஊறியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதவரை. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு சொல் பாக்கி. அது ஆவியை அடைத்து வைக்காது, காரத்துக்கு அஞ்சாது, இறுகுவதற்குச் சிறிது ஈரமும் கரியமில வளியும் இருந்தால் போதும். மார்கழிச் சுவருக்கு ஏற்றது அதுவே. ஆகவே இந்தப் பொங்கலுக்கு, பெயின்ட் படாத சுற்றுச்சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை போடுங்கள். வீட்டுச் சுவருக்கு மாசியில் ஆள் வரச் சொல்லுங்கள். அப்போது பெயின்டரும் கிடைப்பார், கூலியும் இறங்கியிருக்கும், சுவரும் காய்ந்திருக்கும்.